சங்கரன்கோவிலில் காலிக் கட்டில் பார்த்த கதை

கொழும்பில் என்னைச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பிவைத்தவர்களில் ஒருவருக்கும் அந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியாது. எனக்கும் தெரியாது. சுகாதாரப் பகுதியின் கணக்குக் கந்தோரில் பதினெட்டு வருடம் நாற்காலி தேய்த்த ஒருவனைக் கடல் தாண்டி அனுப்புகிறார்கள் என்றால் அது பரிசாக இருக்க வேண்டும், அல்லது தண்டனையாக இருக்க வேண்டும். போய் வந்து இத்தனை மாதமாகியும் எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

விஷயம் இதுதான். யாழ்ப்பாணப் பக்கம் சயரோகக்காரருக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டிவிட வேண்டுமென்பது எங்கள் மேலதிகாரியின் ஆசை. கட்டடத்துக்குப் படம் கீறியாயிற்று. அடிக்கல்லுக்கு நல்ல கருங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. மந்திரிமார் அடிக்கடி மாறிக்கொண்டிருந்ததால் பெயரை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, இந்தியாவில் ஏதோ மகாநாட்டில் வாசித்த ஒற்றைத்தாள் அறிக்கை ஒன்று கந்தோருக்கு வந்து சேர்ந்தது. சங்கரன்கோவிலில் பன்னிரண்டே கட்டில் உள்ள ஒரு சிறிய வார்டில் ஒரு டாக்டர் சயரோகக்காரரைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். அவர் காட்டிய நோயாளித் தொகையைப் பார்த்தால் ஒரு கட்டிலில் நாலு பேரை விறகுபோல அடுக்கியிருக்க வேண்டும்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். இது பொய்யாக இருக்கும், நீர் போய்ப் பார்த்துப் பொய் என்று எழுதிக்கொண்டு வாரும் என்றார். முறைப்படி அந்த ஜில்லாவின் சுகாதார அதிகாரிக்கு, இன்னார் வருகிறார் என்று ஒரு கடிதமும் போட்டார். அந்தக் கடிதம்தான் பிறகு எல்லாருடைய தலையிலும் விழுந்தது.

ஐப்பசி மாதத்துக் கடலில் கப்பலில் நடந்ததை எழுதினால் வாசிக்கிறவர்களுக்கும் குமட்டும். ரயிலில் ஏறியதும் இறங்கியதும் யாருக்கும் வேண்டாம். ஒரு காலை நேரத்தில் சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஜட்கா வண்டியில் ஏறினேன். குதிரை என்னைவிட மெலிந்திருந்தது. ஒரு மேட்டில் அது நின்று திரும்பி என்னைப் பார்த்தது. நான் இறங்கி நடந்தேன். வண்டிக்காரர் அதற்காகக் கூலியைக் குறைக்கவில்லை.

கோயிலுக்குப் பக்கத்து ரத வீதியில் ஒரு லாட்ஜ். முதலாளி, நான் சிலோன்காரன் என்று தெரிந்ததும், கொழும்பில் கடை வைத்திருக்கும் தன் மைத்துனரைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அன்று பின்னேரத்துக்குள் இன்னும் மூன்று பேர் தங்கள் மைத்துனரைப்பற்றி விசாரித்தார்கள். மூன்று பேரையும் தெரியும், சுகமாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். ஊர் முழுக்க எனக்கு மரியாதை உண்டாயிற்று.

கப்பலில் எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்த என் வயிறு சரியில்லை என்றேன். முதலாளி உடனே, கோயிலுக்குப் போங்க, அங்கன புத்துமண்ணு தருவாங்க, எல்லாம் சரியாப் போகும் என்றார். அவர் வாயில் வெற்றிலை இருந்தது. என் காதில் புட்டு என்று விழுந்தது. புட்டும் சொதியும் கண்டு மூன்று நாளான யாழ்ப்பாணத்தான் எவ்வளவு வேகத்தில் நடப்பான் என்று அன்று ரத வீதி பார்த்தது. சந்நிதியில் ஒருவர் என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண்ணை வைத்தார். கோயில் புற்றிலிருந்து எடுத்த மண். எந்த நோய்க்கும் அதுதான் மருந்தாம். சுற்றிலும் எல்லாரும் பக்தியோடு வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போட்டேன். வயிற்றுக் குமட்டல் நின்றுவிட்டது. இதை என் அறிக்கையில் எழுதவில்லை.

மறுநாள் வார்டைப் பார்க்கப் போனேன். ஊருக்கு வெளியே வேப்பமரங்களுக்கு நடுவில் ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். உள்ளே பன்னிரண்டு இரும்புக் கட்டில் வரிசையாக இருந்தன. ஒன்றில் ஒரு மனிதர் படுத்திருந்தார். இன்னொன்றில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. மற்றப் பத்தும் காலி.

படுத்திருந்தவர் சிவகிரிக்காரர். மனைவி மக்கள் யாருமில்லாதவர். மற்ற நோயாளிகள் எங்கே என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, எல்லாரும் வேலைக்குப் போயிருக்காவ என்றார்.

மேசையில் ஏடு இருந்தது. கணக்குக்காரன் கண் அங்கேதான் போகும். அன்று காலையில் பன்னிரண்டு பேரும் கட்டிலில் இருந்தார்கள், பன்னிரண்டு பேரும் கஞ்சி குடித்தார்கள், பன்னிரண்டு பேருக்கும் பால் கொடுக்கப்பட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. என் பயணம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் பொய்யைப் பிடித்தாயிற்று. மிச்ச நாளைக்குக் குற்றாலம் பார்க்கலாம்.

அப்போது டாக்டர் நெல்லையப்பன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குப்பொடி பட்டு வெள்ளைக் கோட்டின் மார்பு முழுக்கப் பழுப்பாக இருந்தது. நான் ஏட்டையும் கட்டில்களையும் மாறி மாறிப் பார்ப்பதை அவர் கவனித்தார். கொஞ்சமும் கூசவில்லை. முதலில் காப்பி குடிப்போம் என்று கூட்டிக்கொண்டு போய், நாளைக்குப் பாக்கியத்தோடு ஒரு நாள் சுற்றிவிட்டு வாங்க, அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் கேளுங்க, ஒளிக்காமச் சொல்லுதேன் என்றார். கருப்பட்டிக் காப்பி நன்றாக இருந்தது. அதற்காக ஒரு நாள் பொறுத்தேன்.

பாக்கியம் என்பவர் அந்த வார்டின் ஹெல்த் விசிட்டர். நாசரேத் பக்கத்துக்காரர். சைக்கிள் வைத்திருந்தார். சங்கரன்கோவிலில் ஒரு பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்க ஆரம்பத்தில் கூட்டம் கூடியதாம். இப்போது மணியடித்தால் மாடுகூட விலகுகிறது. எனக்குச் சைக்கிள் தெரியாது. அவர் உருட்டிக்கொண்டு வர, நான் பக்கத்தில் நடந்தேன். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் துணிப்பை தொங்கியது. ஒன்றில் மாத்திரை. மற்றதில் காலிப் போத்தல்கள். போத்தல் எதற்கு என்று கேட்டேன். மூத்திரத்துக்கு அண்ணாச்சி என்று அவர் சாதாரணமாகச் சொன்னதும் நான் வானத்தைப் பார்த்து நடந்தேன்.

வேலை இப்படி. ஒவ்வொரு வீட்டுக்கும் மாதத்துக்கு வேண்டிய மாத்திரையைக் கொடுப்பார்கள். பாக்கியம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார். மிச்ச மாத்திரையை எண்ணுவார். பிறகு போத்தலை நீட்டுவார். வந்ததில் ஒரு சொட்டு மருந்து விட்டால் நாவல்பழ நிறமாக மாற வேண்டும். மாறினால் மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கிறது. மாறாவிட்டால் கிணற்றுக்குள் போயிருக்கிறது. அதற்குப் பிறகு பாக்கியம் பேசும் பேச்சைக் கேட்பதைவிட மாத்திரையை விழுங்குவது மேல். பொய் சொல்லாத கணக்கு ஒன்றை என் உத்தியோகத்தில் முதன்முதலாக அந்தப் போத்தல்களில்தான் பார்த்தேன்.

நெசவாளர் தெருவில் கோமதி என்ற பெண்ணின் வீடு. முப்பது வயதிருக்கும். ஏட்டில் அவள் நாலாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தாள். நாங்கள் போனபோது ராட்டையில் தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் சண்முகம் தறியில் இருந்தார். நானும் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, உங்களுக்கு எவ்வளவு காலமாய் வருத்தம் என்று கேட்டேன். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். அவர்கள் ஊரில் அது வேறு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கோமதி ராட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தன் வருத்தத்தைச் சொன்னாள்.

முதலில் நோய் வந்தபோது வெகுதூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் படுத்திருந்தாளாம். தறிவேலையை விட்டுவிட்டு அங்கே வந்து போக வீட்டில் யாராலும் முடியவில்லை. அவள் பிழைக்கமாட்டாள் என்று மாமியார் வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார். பாதி வைத்தியத்தில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள். வீட்டு வாசலில் கடைசி மகள் விளையாடிக்கொண்டிருந்தது. அது அவளைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, அப்பா, யாரோ ஒரு பொம்பளை வந்திருக்கு என்று சொல்லியது. அதைச் சொல்லும்போது கோமதி அழவில்லை. சண்முகத்தின் தறிச் சத்தம்தான் நின்றிருந்தது. வைத்தியத்தைப் பாதியில் விட்டதால் நோய் திரும்ப வந்தது. இந்தத் தடவை மாத்திரை வீட்டுக்கு வருகிறது. சளியில் இப்போது கிருமி இல்லையென்று பாக்கியம் சொன்னார்.

வெளியே வந்ததும் பாக்கியம், ஒன்றரை வருஷமா நான் போய்ட்டு வாரேன், எங்கிட்ட இவ்வளவு சொன்னதில்லை, நீங்க என்ன மந்திரம் போட்டீங்க என்று கேட்டார். இலங்கைத் தமிழ் என்றேன்.

அன்று பின்னேரம் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். ஏட்டில் எழுதியிருப்பது பொய்தானே?

"பொய்தான். சர்க்காரு கட்டிலுக்குத்தான் பணம் தருது. நோய் வாரது ஆளுக்கு. நான் கட்டிலுக்கு வாரதை எடுத்து ஆளுக்கு அனுப்புதேன். ஒரு கட்டில் செலவுல நாலு வீட்டுக்கு மாத்திரையும் பாலும் போகுது."

ஆளை வீட்டில் வைத்து வைத்தியம் செய்கிறேன் என்று உள்ளதை எழுதிக் கேட்டிருக்கலாமே என்றேன். மூன்று தடவை கேட்டாராம். வீட்டு நோயாளி என்ற தலைப்பில் ஒதுக்கீடு கிடையாது என்று மூன்று தடவையும் ஒரே பதில். கட்டில் காலியென்று எழுதினால் அடுத்த வருடம் கட்டிலுக்குரிய பணமும் போய்விடும். நான் கோபப்பட்டேன். ஏட்டில் பொய் எழுதுகிறவன் நாளைக்குப் பாலையும் குடித்துவிடுவான் என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அன்று காப்பி வாங்கித் தரவில்லை.

நாலாம் நாள் பாக்கியத்தோடு திருவேங்கடம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனேன். ஏட்டில் பெயர் உள்ள பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் அங்கேதான் இருந்தார்கள். போகும்போது பஸ் ஒழுங்காகப் போயிற்று. திரும்பும்போது மழை. கரிசல் மண் நனைந்தால் மண்ணாக இருப்பதில்லை, களியாகிவிடும். பஸ்ஸின் நாலு சக்கரமும் அதை உருட்டி உருட்டிப் பூசிக்கொண்டு நின்றுவிட்டன. கண்டக்டர் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் பயணிகள் டிரைவரைத் திட்டுவார்கள். இங்கே பஸ்ஸைத் திட்டினார்கள். அதன் தாயாரையும் விடவில்லை.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோளில் போத்தல் பையோடு தள்ளினேன். பை கலகலவென்றது. அதே பஸ்ஸில் ஒரு போலீஸ்காரர் வந்திருந்தார். மதுவிலக்குக் காலம். புது ஆள், வேற்றூர்ப் பேச்சு, பையில் போத்தல். அவர் முகத்தில் பதவி உயர்வு தெரிந்தது. பையைத் திறக்கச் சொல்லி, பொன்னிறமான ஒரு போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்ன சரக்கு இது?"

பாக்கியம் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, "தெறந்து மோந்து பாருங்க" என்றார்.

அவர் மூடியைத் திறந்து, மூக்கை வைத்து, நன்றாக உள்ளே இழுத்தார். பிறகு பாக்கியம் அது இன்னது, இன்ன நோய்க்காரருடையது, இன்ன ஊருக்குரியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். போலீஸ்காரர் போத்தலை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வாய்க்காலுக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார். பஸ் கிளம்பியபோது ஒரு சௌகரியம். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு ஸீட் காலியாக இருந்தது. கால் நீட்டிக்கொண்டு வந்தேன். பேச்சோடு பேச்சாக, உங்கள் டாக்டர் அந்தப் பணத்தில் தனக்கு என்று எடுப்பதுண்டா என்று பாக்கியத்திடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, இந்தச் சைக்கிள் அவர் வீட்டம்மா வளையலை விற்று வாங்கினது என்றார்.

ஐந்தாம் நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஊர் இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தருகிறார்கள். எங்கள் சம்பலோடு நட்புக் கொள்ளக்கூடிய பொடி. மூன்றாவது இட்லியில் பாக்கியம் மூச்சு வாங்க வந்து நின்றார். ஜில்லா அதிகாரி பயணியர் பங்களாவில் வந்து இறங்கியிருக்கிறார். தான் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத வார்டைப் பார்க்கக் கடல் தாண்டி ஒருவன் வருகிறான் என்று எங்கள் மேலதிகாரியின் கடிதத்தில் தெரிந்ததும், அவருக்கும் பார்க்க வேண்டும்போல் ஆகிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வார்டுக்கு வருகிறார்.

நான் வந்த வினை. மூன்றாவது இட்லியை இலையில் விட்டுவிட்டு எழுந்தேன்.

வார்டில் டாக்டர் ஓடிக்கொண்டிருந்தார். மிளகாய் வற்றலை அள்ளியாயிற்று. ஊருக்குள் இருந்தவர்களுக்கு ஆள் போய், கோமதி நீங்கலாக எல்லாரும் வந்து படுத்துவிட்டார்கள். திருவேங்கடம் பக்கத்து ஐந்து பேர் வர வழியில்லை, அந்தப் பாதையில் பஸ் ஓடவில்லை. கோமதியின் கட்டில் போக ஐந்து கட்டில் காலி. வாட்ச்மேன் ஒன்றில் படுத்தார். ஜட்கா வண்டிக்காரர் ஒன்றில். லாட்ஜ் சமையற்காரர் ஒன்றில். டாக்டரின் உறவினர் ஒருவர் எதற்கென்றே கேட்காமல் ஒன்றில் படுத்துத் தூங்கியும்விட்டார். மிச்சம் ஒன்று. டாக்டர் என்னைப் பார்த்தார். பாலைப்பற்றி நான் கோபத்தில் பேசியதெல்லாம் அவர் கண்ணில் இருந்தது.

பதினெட்டு வருடம் பொய்க் கணக்குப் பிடித்த நான் சட்டையைக் கழற்றிவிட்டு ஏழாம் நம்பரில் படுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டேன்.

அதிகாரி வந்தார். உயரமான மனிதர். மூக்கில் கைக்குட்டை. வாசலிலேயே, கொழும்பு ஆள் எங்கே என்று கேட்டார். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றார் டாக்டர். அதிகாரி வரிசையாக வந்து என் காலடியில் நின்று, உனக்கு என்ன என்று கேட்டார். வருத்தம் ஐயா என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவர் முகம் இளகி, வருத்தப்படக்கூடாது, எல்லாம் குணமாயிரும் என்று ஆறுதல் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் வண்டிக்காரருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினார். மிக நல்ல இருமல்.

அப்போதுதான் கோமதி வந்தாள். தலையெல்லாம் நூல் தும்பு. பாக்கியம் அவள் கையைப் பிடித்து நாலாம் நம்பர் பக்கம் இழுத்தார். அரை மணி நேரம் படுத்தால் போதும் என்று கெஞ்சுவது எனக்குக் கேட்டது. கோமதி அந்தக் கட்டிலைப் பார்த்தாள். காலை எடுத்து வைக்கவில்லை. நின்றுகொண்டிருக்கிற பெண் யார் என்று அதிகாரி கேட்டார். டாக்டர் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"நான்தான் நாலாம் நம்பர் கட்டில் ஐயா. ஆனா நான் இங்க இல்ல. வீட்டுலதான் இருக்கேன். மாத்திரை வீட்டுக்கு வருது, குணமாயிட்டு வாரேன். போன தடவை படுத்து என் மகளுக்கு நான் ஆருன்னு தெரியாமப் போச்சு. அரை மணி நேரமானாலும் இனிமே படுக்க மாட்டேன்."

அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். வரிசை முழுவதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மற்றவர்களில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டார். லாட்ஜ் சமையற்காரர் எழுந்து, சாம்பார் அடுப்பில் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் படுத்திருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து, போர்வையைச் சால்வைபோலச் சுற்றிக்கொண்டு, ஐயா தேடிய கொழும்பு ஆள் நான்தான் என்றேன். வாழ்க்கையில் பல கூட்டங்களில் என்னை அறிமுகம் செய்திருக்கிறார்கள். எதுவும் இவ்வளவு எடுபட்டதில்லை.

டாக்டரின் அறையில் போய் உட்கார்ந்தோம். டாக்டர் பொடி டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். உத்தியோகம் போகும், பென்ஷனும் போகும் என்று அவருக்குத் தெரியும். ஏட்டில் பொய் எழுதியது குற்றம் என்றார் அதிகாரி. அதை யாரும் மறுக்கவில்லை. நான் ஒரு காகிதமும் பென்சிலும் வாங்கி, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். ஒரு பக்கம் கட்டில்: வண்ணான், விளக்குக்கு எண்ணெய், வாட்ச்மேன், கஞ்சி, கட்டடத்துக்கு வெள்ளை. மறுபக்கம் வீடு: மாத்திரை, பால், பாக்கியம், போத்தல். இரண்டு பக்கத்தையும் கூட்டிக் காட்டினேன். பாக்கியம் தன் நோட்டைக் கொண்டுவந்து, எந்த வீட்டில் எந்தத் தேதியில் நாவல்பழ நிறம் வந்தது, எங்கே வரவில்லை என்று எல்லாவற்றையும் திறந்து வைத்தார். வராத இடங்களையும் மறைக்கவில்லை. அதிகாரி அதை நெடுநேரம் புரட்டினார்.

"உண்மையை எழுதினால் பணம் வராது என்று ஒரு விதி இருக்கிறது, ஐயா" என்றேன். "அதை எழுதியவனும் என்னைப்போல ஒரு கணக்கன்தான். கட்டிலை எண்ணுவது சுலபம், அதுதான் காரணம். ஆளை எண்ணி, அவன் எங்கே படுத்திருந்தாலும் அவனுக்கென்று பணம் ஒதுக்கினால் இவர் பொய் எழுத வேண்டியதில்லை."

அதிகாரி எழுந்தார். பென்சில் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறாம் நாள் கோமதி வார்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. தன்னால்தானே இப்படி ஆயிற்று என்று டாக்டரிடம் கேட்டாள். சண்முகமும் பின்னால் தலையைக் குனிந்து நின்றார். டாக்டர் அவளிடம், "நேத்து அங்கன நெசம் பேசினது நீ ஒருத்திதான். வீட்டுக்குப் போ, மாத்திரையை விடாதே" என்றார். அவள் போன பிறகு, கண்ணில் பொடி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போனார்.

ஏழாம் நாள் ஜில்லாவிலிருந்து ஒரு சேவகர் இரண்டு காகிதம் கொண்டுவந்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. ஒன்று, ஏட்டில் உள்ளது உள்ளபடி எழுதாத குற்றத்துக்காக டாக்டர் நெல்லையப்பன் உடனே மாற்றப்படுகிறார் என்று சொல்லியது. மற்றது, சங்கரன்கோவில் வார்டுக்கு ஆறு மாதப் பரீட்சையாகக் கட்டில் கணக்கில் அல்லாமல் நோயாளிக் கணக்கில் பணம் தரப்படும், நோயாளி வீட்டில் இருந்தாலும் தடையில்லை, பொறுப்பு ஹெல்த் விசிட்டருக்கு என்று சொல்லியது. குற்றத்தைத் தண்டித்துவிட்டு அதே குற்றத்துக்கு அநுமதியும் கொடுத்துவிட்டார். இவ்வளவு நல்ல அதிகாரியை நான் எங்கள் கந்தோரில் பார்த்ததில்லை. பாக்கியம் இரண்டாவது காகிதத்தை மூன்று தடவை வாசித்தார். முதலாவதை ஒரே தடவை வாசித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுக்குப் போய்விட்டார். அன்று போத்தலில் நிறம் மாறாத வீடுகளை நினைத்து இரக்கப்பட்டேன்.

என் அறிக்கை என்னவாயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொய் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னவரிடம் மெய் என்று பதினாறு பக்கம் கொடுத்தேன். மேலதிகாரி முழுவதும் வாசித்தார், அது அவருடைய பெருந்தன்மை. வாசித்துவிட்டு, எல்லாம் சரி, ஆனால் மாத்திரைக்கு எந்த இடத்தில், ஓய், அடிக்கல் நாட்டுகிறது என்று கேட்டார். ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு கிராமத்துக்கு மட்டும் மாத்திரையை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று ஓர் ஓரத்தில் பச்சை மையால் எழுதினார். அந்த இரண்டு கிராமத்துக் கணக்கையும் என் தலையிலேயே கட்டிவிட்டார். நாற்பத்து மூன்று வயதில் சைக்கிள் பழகுகிறேன். முழங்காலில் மருந்து கட்டியிருக்கிறது.

எட்டாம் நாள் எனக்கு ரயில். டாக்டருக்கும் அன்றுதான். அவர் தென்காசிப் பக்கம், நான் விருதுநகர்ப் பக்கம். ஒரே பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். இப்போது அவர் என்னை வே என்றுதான் கூப்பிடுவார். ஏழாம் நம்பரில் படுத்த பிறகு வந்த உரிமை. நான் கோபத்தில் சொன்ன பால் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். கணக்குக்காரன் அப்படித்தான் கேக்கணும், கேக்காதவன்தான் ஆபத்து என்றார்.

அவரை எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று அதுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் நோகும் என்று விட்டிருந்தேன். ரயில் புகை தூரத்தில் தெரிந்ததும் கேட்டேன். ஜில்லாவிலேயே பெரிய சயரோக ஆஸ்பத்திரியாம். தண்டனையாக, மேலதிகாரிகள் எந்நேரமும் கண் வைத்துக்கொண்டிருக்கும் இடம்.

"அங்கே எத்தனை கட்டில்?" என்றேன்.

"நூத்திருபது" என்றார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "ரெண்டு வருசத்துல காலி பண்ணிருவோம், வே."